எச்செவேரியாவுக்கு அடுத்து என்ன? அரிய சதைப்பற்றுச் செடிகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

மூன்று ஆண்டுகளாக எச்செவேரியாவும் ஜேடும் வளர்த்துக் கை பழகிவிட்டது, இனி அரிதான, பார்த்தால் ‘இது செடியா?’ என்று கேட்கவைக்கிற வகைகளைச் சேர்க்க ஆசை, எதில் தொடங்கலாம், ஏமாறாமல் எப்படி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அப்படிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியவர்களின் காலித் தொட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுத் தொட்டிகளும் அதில் சேர்த்தி. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

விற்பவர் ‘அரிய வகை’ என்றால், எங்கே அரிது என்று முதலில் கேளுங்கள். யூஃபோர்பியா ஒபீசாவை எடுத்துக்கொள்வோம். முள் கிடையாது, இலை கிடையாது. எட்டு வரம்பு வைத்த சாம்பல் பச்சைப் பந்து. வரம்புகளின் மேல் கிரிக்கெட் பந்தின் தையல் மாதிரி வரிசையாகப் புள்ளிகள். நம் சதுரக்கள்ளிக்கும் திருகுக்கள்ளிக்கும் சொந்தக்காரன்தான், ஆனால் சொன்னால் நம்பமாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் கரூ வறள்வெளியின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. 1903-இல் ஜோசப் ஹூக்கர் இதை விவரித்துப் பெயரிட்டார். அதன் பிறகு ஆசைப்பட்டவர்களெல்லாம் தோண்டிக்கொண்டு போனதில் காட்டில் காணாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று நாற்றங்கால்களில் விதை போட்டுத் தட்டுத் தட்டாக வளர்க்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். காட்டில் அரிது, கடையில் சாதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியில் சில மலைமுகடுகளில் மட்டும் இருக்கும் ஃப்ரேரியா இண்டிகாவும் இப்படித்தான். பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃப்ரேரின் பெயர் தாங்கிய செடி. கல்முளையான் வகையறாவில் ஒழுங்காக இலை விடுவது அநேகமாக இது ஒன்றுதான். மழை பெய்தால் இலை, வறண்டால் வெறும் தண்டு. பாறை இடுக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிற இந்தச் செடி, தொட்டியில் ஒரு துண்டை நட்டு வைத்தால் தயக்கமில்லாமல் வேர் விடும்.

இதற்கு நேர் எதிராக, கடையில் மட்டும் அரிதாக இருப்பவை உண்டு. மெதுவாக வளரும், விதை குறைவு, பக்கக் கன்று விடாது, அதனால் விலை ஏறிக்கிடக்கும். மூன்றாவது ரகம் பிறழ்ச்சி: வெள்ளையும் மஞ்சளும் கலந்த இலை, கோழிக்கொண்டை மாதிரி விரிந்த தண்டு. இந்த மூன்றையும் ஒரே விலைப்பட்டியலில் ஒரே சொல்லால் விற்பார்கள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

பெயரையும் விலையையும் விட முக்கியமாக நான் பார்ப்பது, செடி எப்போது தூங்கும் என்பதை. எச்செவேரியா வளர்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். அரிய வகைகளில் பாதிக்கு மேல் செத்துப்போவது இந்த இடத்தில்தான். கோடையில் மழை பெறும் நிலத்துச் செடி வெயில் காலத்தில் வளரும். குளிர்காலத்தில் மழை பெறும் நிலத்துச் செடி, நம் கண்ணுக்கு எல்லாம் நன்றாக வளரவேண்டிய வெயில் காலத்தில் உறங்கும். உறங்குகிற செடியின் வேர் தண்ணீர் குடிக்காது. ஊற்றினால் அழுகும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதைக் கைக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

என்னுடைய முதல் கோனோஃபைட்டம் கதையைச் சொல்கிறேன். பட்டாணி அளவில் பத்துப் பன்னிரண்டு பச்சைக் குமிழ்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னப் பிளவு. கோடை தொடங்கியதும் பச்சை மங்கியது, தோல் பழுப்பாகி வெங்காயச் சருகு மாதிரி ஆனது. தாகம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். மறுவாரம் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் விரலால் லேசாகத் தொட்டேன், சருகு உடைந்து உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது. நான் ‘காய்ந்த செடி’ என்று நினைத்தது, அந்தச் செடி கோடைக்குப் போர்த்திக்கொண்ட போர்வை. பழைய இலை உலர்ந்து காகிதம் போல ஆகிவிடும், அதற்குள் புதிய குமிழ் பத்திரமாக இருக்கும். இரவுகள் குளிரத் தொடங்கியதும் சருகைக் கிழித்துக்கொண்டு தானே வெளியே வரும். அதுவரை நிழலில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். எப்போதாவது பொழுது சாய்ந்த பிறகு லேசாகத் தெளித்தால் போதும்.

இரவின் குளிர் ஏன் இவ்வளவு முக்கியம்? பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், நீர் ஆவியாகாமல் இருக்க. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை வைத்துச் சமைக்கும். இரவும் சூடாகவே இருந்தால் இந்த வேலை மந்தமாகிவிடும். செடி கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும். பகல் எவ்வளவு சூடு என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் இடத்தில் ராத்திரி எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்புத்தான் நீங்கள் எதை வாங்கலாம் என்று சொல்லும்.

சரி, லித்தாப்ஸுக்கு வருவோம். விசித்திரச் செடி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அதுதான், நியாயமான நினைவுதான். வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி 1811-இல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பக்கம் கற்கள் பரந்த தரையில் விசித்திரமான ஒரு கூழாங்கல்லைக் கண்டு எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது. லித்தாப்ஸ் என்று பேரினப் பெயர் வைத்தவர் என். ஈ. பிரவுன், 1922-இல், கிரேக்கத்தில் ‘கல் முகம்’ என்று பொருள் வரும். செடி என்பது இரண்டே இலை, நடுவில் ஒரு பிளவு. மண்ணுக்கு வெளியே தெரிவது இலையின் தலை மட்டும், அதில் கண்ணாடி மாதிரி சன்னல்கள் உண்டு. வெளிச்சம் அது வழியாக உள்ளே இறங்கி, மண்ணுக்குள் புதைந்திருக்கும் பச்சைத் திசுவைப் போய்த் தொடும்.

இதை வளர்ப்பதில் ஒரே ஒரு சூட்சுமம். பூத்து முடிந்த பிறகு, குளிர்காலத்தில், பழைய இரண்டு இலைகளுக்கு நடுவே புதிய ஜோடி உருவாகத் தொடங்கும். பழைய இலையில் இருக்கும் நீரைப் புதிய ஜோடி உறிஞ்சிக்கொள்ளும். பழையது சுருங்கி, தளர்ந்து, கடைசியில் இரண்டு காய்ந்த மடல்களாகத் தொங்கும். இந்த மாதங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம். ஊற்றினால் பழைய இலை சாகாது. புதியதும் பழையதுமாக அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். படத்தில் அதைப் பார்த்து ‘ரொம்ப ஆரோக்கியமான செடி’ என்று பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். அது அளவுக்கு மீறித் தின்னக் கொடுத்த குழந்தை.

லித்தாப்ஸில் இன்னொரு வேடிக்கை, வாங்கும் சீட்டில் ‘சி’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த ‘சி’ டெஸ்மண்ட் கோல் (Cole) என்பவரின் பெயரிலிருந்து வந்தது. அவர் தொழிலால் மொழியியல் பேராசிரியர், ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தவர். அவரும் மனைவி நவ்ரீனும் தென்னாப்பிரிக்காவையும் நமீபியாவையும் சுற்றிச் சுற்றி, லித்தாப்ஸ் வளரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண் கொடுத்தார்கள். அப்படிக் கிட்டத்தட்ட 400 எண்கள். அந்த எண்ணோடு விதை வாங்கினால், உங்கள் தொட்டியில் இருப்பது எந்த மண்ணின் வழிவந்தது என்று தெரியும். சீட்டைத் தொலைத்துவிட்டால் செடி அழகாகவே இருக்கும், ஆனால் சேகரிப்பில் அதன் மதிப்புப் போய்விட்டது. பென்சிலால் எழுதுங்கள். மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் வெளுக்காது.

சன்னல் வைத்த இலை பிடித்துவிட்டதென்றால் அடுத்து ஹவோர்த்தியா ட்ரங்கேட்டா. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹவோர்த்தியாக்களின் உறவுதான். இரண்டு வரிசையாக நிற்கும் இலைகளின் நுனியை யாரோ கூரான கத்தியால் சீவிவிட்ட மாதிரி இருக்கும். காட்டில் அந்தச் சீவிய முகம் மட்டும்தான் மண் மட்டத்தில் தெரியும். மிச்சமெல்லாம் உள்ளே. வெயில் ஏறினால் வேர்கள் சுருங்கிச் செடியைக் கீழே இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் இதைப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, சன்னலின் மேல் வெள்ளைக் கோடுகள் ஓடும் விதவிதமான வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். நேர் வெயில் கூடாது, பக்க வெளிச்சம் போதும், சன்னலோரத்திலேயே நன்றாக இருக்கும். எச்செவேரியாவிலிருந்து அடுத்த படி ஏற நினைப்பவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான், லித்தாப்ஸை இல்லை.

இரவும் சூடாக இருக்கும் இடம் என்றால் வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கென்று ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. டார்ஸ்டீனியா ஃபோய்டிடா. கட்டையாக, குட்டையாக, முண்டும் முடிச்சுமாக ஒரு தண்டு, உச்சியில் சில இலைகள். அத்தியும் பலாவும் இருக்கிற குடும்பம். அத்திக்காயைப் பிளந்து தட்டையாக விரித்து, ஓரத்தில் கதிர் வைத்த மாதிரி இருக்கும் பூ. விதை முற்றியதும் டப்பென்று தெறிக்கும். முதல் ஆண்டு நான் விதை சேகரிக்க ஒரு பேப்பரை விரித்துவைத்துக் காத்திருந்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றடி தள்ளியிருந்த தொட்டிகளில் எல்லாம் கன்று. ஏமன் நாட்டுச் சோகோத்ரா தீவில் இருக்கும் டார்ஸ்டீனியா ஜைகாஸ் இதன் பெரிய அண்ணன், பாறைச் சுவரில் ஊதிப்போன தண்டோடு தொங்குவது. அதுவும் சூட்டை விரும்பும்.

அப்புறம் சான்சிவேரியா பிங்குவிகுலா. மருள் இனம், கென்யாவில் வளர்வது. மற்ற மருள்கள் மண்ணுக்கு அடியில் கிழங்கோட்டிப் பரவும். இது மண்ணுக்கு மேலேயே ஒரு கையை நீட்டி, அதன் நுனியில் குட்டிச் செடியை உருவாக்கும். குட்டி பொய்க்கால் மாதிரி வேர்களை ஊன்றி நிற்கும். ‘நடக்கும் சான்சிவேரியா’ என்று கூப்பிடுகிறார்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் கொல்வது கஷ்டம். யூஃபோர்பியா ஒபீசாவும் இந்தக் கூட்டத்தில் சேரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, விதை வேண்டுமென்றால் இரண்டும் தேவை. காய் வெடிக்கும், மேலே ஒரு வலைத்துணியைக் கட்டிவிடுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யூஃபோர்பியா எதுவானாலும் இது பொருந்தும்.

சோமாலியாவின் சூடோலித்தாஸும் சூட்டை விரும்புவதுதான். பச்சை நிறத்தில் மரு மருவாக ஒரு கல். தண்டிலேயே ஒட்டிக்கொண்டு சின்னப் பூக்கள், அழுகிய இறைச்சி வாடை, ஈ வந்துதான் மகரந்தம் சேர்க்கும். எருக்கின் குடும்பம் என்பதால் காயும் அதே மாதிரி, வெடித்தால் பட்டுப் பஞ்சோடு விதை பறக்கும். புதிய விதை சில நாளிலேயே முளைத்துவிடும். ஆனால் வளர்ந்த செடி ஒரு வாரம் ஈரத்தில் நின்றால் போச்சு, காலையில் பச்சையாக இருந்தது மாலையில் கூழ். நான் மூன்று தொலைத்திருக்கிறேன். நான்காவது இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்து மயங்கி வாங்கக் கூடாதது என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் அலோ பாலிஃபில்லா. லெசோத்தோவின் உயர்மலைக் கற்றாழை. ஐந்து வரிசை இலைகள் சுருள் சுருளாகச் சுற்றி, அளவெடுத்து வரைந்த மாதிரி நிற்கும். குளிரும் ஈரக் காற்றும் வடியும் தண்ணீருமாக வாழ்ந்த செடி அது. சூடான இரவுகளில் வேர் வெந்துவிடும். குளிர்ந்த மலைப்பகுதியில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம், மற்றவர்கள் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கள்ளிகளில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆஸ்ட்ரோஃபைட்டம் கபுட்-மெடூசே, மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் 2001-இல்தான் கண்ணில் பட்டது. உருண்டையும் இல்லை, தூணும் இல்லை. ஒரு சின்ன அடியிலிருந்து வெண்புள்ளி போட்ட விரல்கள் நாலா பக்கமும் நீளும். அதன் மேல் செந்நடு வைத்த மஞ்சள் பூ. முதலில் தனிப் பேரினம் என்றே நினைத்தார்கள், பிறகுதான் ஆஸ்ட்ரோஃபைட்டத்தில் சேர்த்தார்கள். செய்தி வெளியானதுமே திருட ஆள் கிளம்பிவிட்டது. அதே மாநிலத்தில் 2007-இல் விவரிக்கப்பட்ட அகேவ் அல்போபிலோசாவுக்கு ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு வெள்ளை மயிர்க்குஞ்சம் உண்டு. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் தொங்கி வளர்வதால் ஓரளவு தப்பித்தது.

திருட்டு என்றதும் இது எங்கோ நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம், வாங்குகிறவர் வீட்டு வாசல் வரை வருகிறது. 2020-இல் இத்தாலியில் ஒரே ஒருவரிடம் பிடிபட்ட சிலி நாட்டுக் கோபியபோவா உள்ளிட்ட கள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் 844 செடிகளை 2021-இல் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் கடலோரப் பாறைகளிலிருந்து டட்லியா என்ற சதைப்பற்றுச் செடியைச் சாக்குச் சாக்காகப் பிடுங்கியதில் 2021-இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் 2019-க்குப் பிறகு அதிகம் பறிபோனது நான் மேலே சொன்ன கோனோஃபைட்டம். ஒரு சிறு குன்றில் மட்டும் இருக்கும் இனம் அதில் பல உண்டு. கோனோஃபைட்டம் பர்ஜெரி என்று, வெங்காயம் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு குமிழ், அதுவும் அப்படி ஒரே இடத்துக்காரன். ஒரு ஆள் ஒரு மூட்டையோடு வந்து போனால் கதை முடிந்தது.

காட்டிலிருந்து பிடுங்கியதா, விதையில் வளர்த்ததா என்று கண்ணால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். விதையில் வந்தது ஒரு தட்டில் ஒரே வயது, ஒரே அளவு, தோல் வழவழப்பு, அடிவரை சுத்தம். காட்டுச் செடியின் அடிப்பகுதி மரம் மாதிரி தடித்து, சாம்பல் பூத்து, வெயில் சுட்ட தழும்பும் பூச்சி கடித்த வடுவுமாக இருக்கும். ஆணிவேர் மழுங்கலாக வெட்டப்பட்டிருக்கும். மெதுவாக வளரும் இனத்தில், கைமுஷ்டி அளவு பழைய செடிகள் பத்து ஒரே சமயத்தில் ஒருவரிடம் விற்பனைக்கு வந்தால், எங்கிருந்து என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் திரும்பிவிடுங்கள். பிடுங்கிய கிழட்டுச் செடி தொட்டியில் வேர் பிடிப்பதும் அபூர்வம். எல்லை தாண்டி வரவழைக்கிறீர்கள் என்றால் அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தையும் கவனிக்க வேண்டும். 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. கள்ளிக் குடும்பம் அநேகமாக முழுவதும், சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்களில் பெரும்பாலானவையும் அதன் பட்டியலில் உண்டு. ஏரியோகார்ப்பஸ் என்ற கள்ளி மாதிரி சிலது மிகக் கடுமையான முதல் பட்டியலில். மெக்சிகோவிலிருந்து வரும் கள்ளி விதைக்கும் அனுமதித் தாள் வேண்டும்.

ஏமாற்று வேலைகளில் மலிவானவை சுலபமாகத் தெரியும்: நீல லித்தாப்ஸ், வானவில் லித்தாப்ஸ் விதை. லித்தாப்ஸில் நீலம் கிடையாது. சாம்பல், பழுப்பு, செம்மை, பச்சை, அதன் கலவைகள், அவ்வளவுதான். ஹவோர்த்தியாவின் மேல் பெயிண்ட் அடித்து விற்பதும், கள்ளியின் உச்சியில் காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டுவதும் உண்டு. பூ மாதக்கணக்கில் வாடாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏமாற்று இலைக்கலப்பு வகைகளில்தான். ஒரு பக்க இலை பச்சை, ஒரு பக்கம் வெள்ளை என்று இருக்கும் செடியில் பச்சையம் உள்ள உயிரணுக்களும் இல்லாத உயிரணுக்களும் கலந்து கிடக்கின்றன. அது எந்தக் கன்றில் எப்படி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முழு வெள்ளையாக வந்த கன்று தாயை விட்டுப் பிரித்தால் பட்டினியில் சாகும். அதற்குப் போய் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளிகளும் அதே கதைதான். பச்சையம் இல்லாததால் ஒட்டுக் கட்டியே வைத்திருக்க வேண்டும், அடித்தண்டு போனால் தலையும் போகும்.

மண்கலவை பற்றி ஆளுக்கொரு வேதம் உண்டு, நான் நீட்டவில்லை. பாதிக்கு மேல் பியூமிஸோ (எரிமலை நுரைக்கல்) சிறு சரளையோ இருக்கட்டும், ஊற்றிய தண்ணீர் உடனே வடியட்டும், ஆணிவேர்க்காரர்களுக்கு ஆழமான தொட்டி கொடுங்கள். புதிதாக எது வந்தாலும் மண்ணை உதறி வேரைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, புது மண்ணில் நட்டு, மற்றவற்றிலிருந்து ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். என் சேகரிப்பில் பாதியை ஒருமுறை இழந்தது பரிசாக வந்த ஒரு தொட்டியால்.

கடைசியாக, விதை. அரிய செடிகளைக் குறைந்த செலவில், திருட்டுப் பழி இல்லாமல் சேர்க்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி அதுதான். ஏரியோகார்ப்பஸ் மாதிரி பூக்கப் பத்தாண்டு கூட எடுப்பவற்றை, நாற்றாக இருக்கும்போதே பெரெஸ்கியோப்சிஸ் என்ற வேகமாக வளரும் கள்ளியின் தண்டில் ஒட்டி வேகப்படுத்துகிறவர்கள் உண்டு. வேகம் வரும், உருவம் கொஞ்சம் ஊதிப்போகும், எனக்கு அது பிடிப்பதில்லை. லித்தாப்ஸுக்கு அந்த அவசரமே வேண்டாம், விதையிலிருந்து மூன்றாம் ஆண்டு பூத்துவிடும். முதல் முறை விதைப்பவர் விதைப் பொட்டலத்துக்குப் பதில் ஒரு முழுக் காயையே கேட்டு வாங்குங்கள். காய்ந்த மரத்துண்டு மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் ஐந்தாறு கதவுகள் நட்சத்திரம் போல விரியும், ஒவ்வொரு அறையிலும் தூசி மாதிரி விதை. காட்டில் மழைத் துளி விழுந்துதான் அவை சிதறவேண்டும், அதற்கான ஏற்பாடு. இன்னும் இரண்டு சொட்டு விட்டு, ஈரமான மெல்லிய மணலின் மேல் கழுவி ஊற்றுங்கள், மேலே மண் போட வேண்டாம். கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ மூடி வையுங்கள். ஓரிரு வாரத்தில் குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளிகள் தெரியும். காலி ஓட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காய்ந்ததும் கதவுகள் மறுபடி மூடிக்கொள்ளும், அடுத்த சொட்டுக்கு மறுபடி திறக்கும். மூலையில் ஒளிந்திருக்கும் நாலு விதை அப்போது கிடைக்கும்.